கொள்ளை நடக்கும் இடத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர் தலையிடலாமா? செட்டியார் தெருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு செட்டியார் தெருவில் அடகுக் கடை நடத்தும் குடும்பம் எங்களுடையது. எங்காவது ஒரு நகைக்கடையில் கொள்ளை என்று செய்தி வந்தால் போதும், அன்று பின்னேரமே கடைக்கு வருகிறவர்கள், பக்கத்துக் கடை முதலாளிமார், பட்டறைப் பெடியன்கள் எல்லோரும் இதே கேள்விகளைக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் எங்கள் கடையிலும் ஒருமுறை கொள்ளை நடந்தது. அதற்குப் பிறகு சட்டத்தை வரிவரியாகப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டுச் சரிபார்த்தேன்.

நேரடியாகச் சொல்லுங்கள்: தலையிட வேண்டுமா, வேண்டாமா?

வந்தவன் பொருளுக்காக வந்திருந்தால் வேண்டாம். துப்பாக்கியை எடுக்காதீர்கள், கொண்டுபோக விடுங்கள். அவன் ஆட்களைக் கொல்லத் தொடங்கிவிட்டான், அல்லது இந்த விநாடி கொல்லப் போகிறான், தப்பிக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும் கேள்வி வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தப் பக்கம் முழுவதும்.

கையில் துப்பாக்கி இருந்தும் சும்மா நிற்பது கோழைத்தனம் இல்லையா?

இந்தக் கேள்வியை நானும் என் அப்பாவிடம் கேட்டவன். அதனால் நடந்ததையே சொல்கிறேன்.

தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கும். பின்னேரம் மூன்று மணி. ஹெல்மெட் கழற்றாமல் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் பிஸ்டல், மற்றவன் கையில் பாடசாலைப் பை. அப்பாவிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற ரிவோல்வர் ஒன்று இருந்தது. வருடா வருடம் தவறாமல் புதுப்பிப்பார். கல்லாவின் கீழ் இலாச்சியில், கணக்குப் புத்தகத்துக்கு அடியில் அது கிடந்தது. நான் உள்பக்கம் நின்றேன். அவருடைய வலது கை இலாச்சிப் பிடியில் இருப்பது எனக்குத் தெரிந்தது. விரல் மொளிகள் வெளுத்துப் போயிருந்தன.

அப்புறம் அந்தக் கையை எடுத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியின் மேல் விரித்து வைத்தார். அவர்கள் இரண்டு தட்டு நகையைப் பைக்குள் கொட்டிக்கொண்டு போனார்கள். எல்லாமாக ஒரு நிமிடம்கூட இல்லை. அவர்கள் படியிறங்கியதும் நான் இலாச்சியை இழுக்கப் பாய்ந்தேன். அப்பா என் சேர்ட்டைப் பிடித்து நிறுத்தினார். “விடுடா, போறவன் போகட்டும்.”

மாதக்கணக்கில் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஒருநாள் அவராகவே சொன்னார்: “துவக்கு வச்சிருந்தவனுக்குப் பின்னால கொட்டாஞ்சேனை அக்காட மகன் குனிஞ்சு செருப்புப் பூட்டிக்கொண்டு இருந்தவன். அவன் எழும்பினா தலை எங்க வரும் எண்டு பாத்தியா?”

நான் பார்க்கவில்லை. நகைத் தட்டையும் பிஸ்டலையும் மட்டும்தான் பார்த்தேன். அந்த அக்கா அடகை மீட்க வந்தவர், பிள்ளைக்கு நான்கு வயது. துப்பாக்கி இருந்தும் இலாச்சியைத் திறக்காத அந்தக் கையைவிடத் துணிச்சலான ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நகையைக் காப்பாற்றச் சுட உரிமை இருக்கிறதா?

இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டினது. அதில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. உங்கள் உடலை மட்டுமில்லை, அடுத்தவர் உடலையும், உங்கள் பொருளையும் அடுத்தவர் பொருளையும் காக்க 90ஆம் பிரிவு உரிமை தருகிறது. கொள்ளை நடக்கும்போது அந்த உரிமை கொள்ளையன் உயிரை எடுக்கும் அளவுக்கும் போகலாம் என்று 96ஆம் பிரிவு சொல்கிறது. இதை யாராவது பாதி படித்துவிட்டு வந்து, “பாருங்கள், சுடலாமாம்” என்பார்கள்.

மீதியையும் படிக்க வேண்டும். 96ஆம் பிரிவே 92ஆம் பிரிவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அங்கே உள்ளவற்றில் இரண்டு நிபந்தனைகள் நமக்கு முக்கியம். பொலிஸ் போன்ற அதிகாரிகளின் உதவியைப் பெற நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. உரிமை இருந்தாலும், காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. ‘தேவையான அளவு’ எது என்பதை அந்தப் பொழுதில் நீங்கள் தீர்மானிப்பீர்கள். பிறகு நீதிமன்றம் ஆறுதலாக இருந்து, சிசிடிவி காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தீர்மானிக்கும்.

இன்னொன்று எத்தனை காலத்துக்கு இந்த உரிமை என்பது. 98ஆம் பிரிவின்படி, கொள்ளையன் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு செய்துகொண்டிருக்கும்வரை, யாரையும் மடக்கி வைத்திருக்கும்வரை, உடனே கொல்வான், காயப்படுத்துவான் அல்லது மடக்குவான் என்ற பயம் நீடிக்கும்வரைதான் கொள்ளைக்கு எதிரான அந்த உரிமை நீடிக்கும். அவன் பையோடு மோட்டார் சைக்கிளில் ஏறி முதுகைக் காட்டிவிட்டால் அந்தப் பயம் முடிந்துவிட்டது. நான் அன்று இலாச்சியைத் திறந்து வாசலுக்கு ஓடியிருந்தால், இந்தக் கோட்டுக்கு மறுபக்கம் நின்றிருப்பேன்.

முதுகில் சுட்டு அவன் செத்துவிட்டால் என்ன வழக்கு வரும்?

கொலை வழக்கு வரலாம். எங்கள் நாட்டில் கொலைக்குத் தண்டனை மரணம். 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும் தீர்ப்பு எழுதப்படுகிறது, சிறை நடக்கிறது. நல்லெண்ணத்தோடு தற்காப்பு எல்லையை மீறியவர் என்று ஏற்றுக்கொண்டால், 294ஆம் பிரிவின் விதிவிலக்கு கொலைக் குற்றத்தை, உயிர் போயிருந்தாலும் ‘கொலை ஆகாது’ என்ற குறைந்த குற்றமாக மாற்றும். அதற்கும் 20 வருடம்வரை சிறை இருக்கிறது.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம். தற்காப்பு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அந்தச் சுமையைச் சுட்டவர் தோளில் வைக்கிறது. ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை, நிகழ்தகவின் அடிப்படையில் நிறுவினால் போதும். ஆனால் நிறுவ வேண்டும். கொலைச் சந்தேகநபருக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதுவரை விளக்கமறியல். கடையை யார் திறப்பது?

என் குண்டு வேறு ஆளில் பட்டால்?

99ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. உயிர் போகும் என்ற நியாயமான பயத்தைத் தரும் தாக்குதலின்போது, நிரபராதிக்கு ஆபத்தை உண்டாக்காமல் தன்னைக் காக்கவே முடியாது என்ற நிலை வந்தால், அந்த ஆபத்தையும் எடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. கவனியுங்கள், அது உடல்மீதான தாக்குதலுக்கு. நகைத் தட்டுக்கு இல்லை.

சட்டம் இடம் தந்தாலும் செட்டியார் தெரு இடம் தராது. புறக்கோட்டைப் பக்கம் பகல் 11 மணிக்கு நடந்து பார்த்திருக்கிறீர்களா? நாட்டாமிமார் வண்டி இழுத்துக்கொண்டு போவார்கள், ஓட்டோ ஒருபக்கம் நிற்கும், கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்த ஒரு குடும்பமே நடைபாதையில் நிற்கும். ஆடிவேல் நாட்களில் கதிரேசன் கோயில் வாசலில் மூச்சு விட முடியாது. குண்டு ஓர் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்து அடுத்தவரில் படும். சுவரில் பட்டுத் திரும்பும். தவறிய குண்டு எங்கே போகிறது என்று கவலைப்படத் தேவையில்லாத ஒரு திசைகூட எங்கள் தெருவில் கிடையாது.

நான் பயிற்சி எடுத்தவன், குறி தவறாது. எனக்கும் இதே பதிலா?

ஆம். 2012 ஆகஸ்ட் 24 அன்று நியூயோர்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் போன ஆளை இரண்டு பொலிஸார் எதிர்கொண்டார்கள். சில அடி தூரம்தான். 16 குண்டுகள் சுட்டார்கள். அந்த ஆள் இறந்தான். ஆனால் வழியில் நின்ற 9 பேர் காயப்பட்டார்கள். அந்த ஒன்பது பேரும் காயப்பட்டது பொலிஸ் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும்தான். அந்தப் பொலிஸார் சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்குகிறவர்கள். வருடத்தில் ஒருநாள் சுட்டுப் பார்க்கிற கடைக்காரரைப் பற்றி என்ன சொல்ல?

பயத்தில் கண் ஒடுங்கி எதிரே உள்ள ஆயுதம் மட்டும்தான் தெரியும். காது அடைக்கும். விரல் நடுங்கும். இது எல்லா உடம்புக்கும் பொது, பயிற்சி அதைக் கொஞ்சம் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

அவனிடம் கத்திதான் இருக்கிறது, என்னிடம் துப்பாக்கி. அப்போதும் பயப்பட வேண்டுமா?

1983இல் டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கப் பொலிஸ் பயிற்சியாளர் ஒரு கணக்கைச் சொன்னார். கத்தியோடு பாய்கிறவன் 21 அடியைக் கிட்டத்தட்ட ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். இடுப்பில் இருக்கும் துப்பாக்கியை உருவிச் சுடவும் ஏறக்குறைய அதே நேரம் வேண்டும். இது கண்டிப்பான அளவு இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எங்கள் கடை வாசலிலிருந்து கல்லாவரை 11 அடி. ரிவோல்வர் இடுப்பிலும் இல்லை, கணக்குப் புத்தகத்துக்கு அடியில். நீங்களே கணக்குப் போடுங்கள்.

அமெரிக்காவில் பொதுமக்கள் சுட்டுத் தடுத்த சம்பவங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. மறைக்க வேண்டியதில்லை. 2022 ஜூலையில் இந்தியானா மாநிலம் கிரீன்வுட்டில் ஒரு வணிக வளாகத்துக்குள் ஒருவன் ஆட்களைச் சுடத் தொடங்கினான். மூன்று பேர் இறந்தார்கள். கடைக்கு வந்திருந்த 22 வயது இளைஞர் தன் கைத்துப்பாக்கியால் சில விநாடிகளில் அவனைச் சுட்டு வீழ்த்தினார். பல உயிர்கள் தப்பின என்பதில் சந்தேகமில்லை. அவன் கொல்ல வந்தவன், கொன்றுகொண்டிருந்தான். முதல் பதிலில் நான் சொன்ன ‘கேள்வி வேறு’ என்பது இதுதான்.

அதே நாட்டில் 2021 ஜூனில், கொலராடோ மாநிலம் ஆர்வடாவில், ஒரு பொலிஸ் அதிகாரியைக் கொன்றவனை ஒரு பொதுமகன் சுட்டு வீழ்த்தினார். அடுத்து வந்த பொலிஸ் அதிகாரி, ஆயுதத்தோடு நின்ற அந்த நல்ல மனிதரையே கொலையாளி என்று நினைத்துச் சுட்டுவிட்டார். அவர் இறந்துபோனார். உதவிக்குப் போனவரின் நெற்றியில் நல்லவர் என்று எழுதியிருக்காது. கொழும்பில் பொலிஸார் ஓடி வரும்போது, கையில் பிஸ்டலோடு நிற்கும் ஒரு தமிழ் ஆளை என்னவென்று முதலில் நினைப்பார்கள்? போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இளம் ஆட்களுக்குத்தான் சொல்கிறேன்.

கொள்ளை என்று பார்த்தால் 2023 ஜனவரியில் டெக்சஸ் மாநிலம் ஹியூஸ்டனில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். ஓர் உணவகத்தில் முகமூடி போட்டவன் வாடிக்கையாளர்களிடம் பணம் பறித்தான். அவன் கதவுப் பக்கம் திரும்பும்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் சுட்டார். அவன் விழுந்த பிறகும் சுட்டார். பணத்தை எடுத்து எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தார். பிறகு பார்த்தால் கொள்ளையன் கையில் இருந்தது பொம்மைத் துப்பாக்கி. அங்கே வழக்கு வைக்கலாமா என்று தீர்மானிக்கும் பெரும் நடுவர் குழு, சுட்டவர்மீது குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. டெக்சஸ் சட்டம் அப்படி. இங்கே அதே காட்சி நடந்தால், விழுந்தவன்மீது சுட்ட குண்டுகளுக்கு என்ன அவசியம் என்று 92ஆம் பிரிவு கேட்கும். எனக்கோ அந்தச் சட்ட வித்தியாசத்தைவிட அந்தப் பொம்மைத் துப்பாக்கிதான் மனதை அரிக்கிறது. ஏமாந்துபோன சுட்டவரைக் குறை சொல்ல மாட்டேன், எவராலும் அந்த நேரத்தில் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் ஒரு பொம்மைக்காக ஓர் உயிர் போயிருக்கிறது.

கொழும்பில் சாதாரண ஆள் துப்பாக்கி வைத்திருக்கவே முடியுமா?

அனுமதிப்பத்திரம் இல்லாமல் முடியாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் இன்னும் அடிப்படை. அனுமதி ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31 உடன் முடியும், புதுப்பிக்க வேண்டும். தனிப்பட்ட பாதுகாப்புக்கான பிஸ்டல், ரிவோல்வர் எல்லாம் பாதுகாப்பு அமைச்சின் கையில். 2024 இறுதியில், தற்காப்புக்கென்று கொடுத்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி அமைச்சு உத்தரவிட்டது. அமெரிக்காவில் 2022இல் உச்ச நீதிமன்றமே பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோவதை உரிமை என்று சொன்னது. இங்கே அது அரசு தரும் அனுமதி, எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம்.

அனுமதி இல்லாத துவக்கு எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்த ஆளோடு ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காதீர்கள்.

ஆயுதம் இல்லாமல் கள்ளனைப் பிடிக்கலாமா?

சட்டப்படி பிடிக்கலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, பொலிஸ் பிடியாணையில்லாமல் கைதுசெய்யக்கூடிய குற்றத்தைக் கண்முன்னே செய்கிறவனை எந்தக் குடிமகனும் பிடித்து, தாமதிக்காமல் பொலிஸிடம் ஒப்படைக்கலாம் என்கிறது. வெள்ளவத்தையில் சங்கிலி அறுத்துக்கொண்டு ஓடியவன் விழுந்துவிட்டான், கையில் ஒன்றுமில்லை, நான்கு பேர் இருக்கிறீர்கள் என்றால் பிடியுங்கள். ஆயுதம் இருக்கிறது என்று சந்தேகம் வந்தாலே விலகிவிடுங்கள்.

பிடித்த பிறகு அடிக்காதீர்கள். இதை எத்தனை தரம் சொன்னாலும் தெருவில் யாரும் கேட்பதில்லை. கையைக் கட்டி உட்கார வைத்தவனை உதைப்பதற்குத் தற்காப்பு உரிமை எதுவும் கிடையாது. கூட்டத்தில் யாருடைய உதை அவன் ஈரலைக் கிழித்தது என்று தெரியாமல் போனாலும், எல்லோருமே சந்தேகநபர்கள். பத்து வருடத்துக்கு முன் பக்கத்துச் சந்தில் ஒரு பெடியனைப் பிடித்துக் கட்டி வைத்திருந்தார்கள். நான் போனபோது அவன் தண்ணீர் கேட்டான், ஒருவரும் கொடுக்கவில்லை. கொடுக்கப் போனவனைத்தான் முறைத்தார்கள்.

கடைக் காவலரின் துப்பாக்கி?

அவர் நிற்பது உள்ளே வர நினைப்பவனை யோசிக்க வைக்க. உள்ளே வந்துவிட்ட பிறகு ஆட்கள் நடுவே அவரும் சுடாமல் இருப்பதே நல்லது. அவர் கையிலிருப்பது பெரும்பாலும் ஷாட்கன், அதன் சன்னங்கள் விரிந்து போகும். அவருடைய முகவர் நிறுவனம் அவருக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறது என்று சம்பளக் கணக்குப் பேசும் நாளிலேயே முதலாளி கேட்க வேண்டும்.

அப்போ கொள்ளை நடக்கும்போது என்னதான் செய்வது?

கைகளைத் தெரியும்படி வையுங்கள். கேட்டதைக் கொடுங்கள். எதையாவது எடுக்க வேண்டியிருந்தால், “சாவி எடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். முகத்தை உற்றுப் பார்க்காதீர்கள், சப்பாத்தைப் பாருங்கள். ஹெல்மெட்டையும் ஜக்கெட்டையும் சந்தியில் கழற்றி எறிவார்கள், நம்பர் தகடு பொய்யாக இருக்கும், சப்பாத்தை யாரும் மாற்றுவதில்லை. எங்கள் கடைக்கு வந்தவனின் இடது சப்பாத்தில் கயிறு வேறு நிறம். பொலிஸில் நான் சொன்னதில் உபயோகமாக இருந்தது அது ஒன்றுதான்.

அவர்கள் போனதும் கதவைப் பூட்டுங்கள், பின்னால் ஓடாதீர்கள், 119 எடுங்கள். யாருக்காவது காயமென்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு கட்டத் தேவையில்லை. இரத்தம் வரும் இடத்தில் துணியை வைத்து முழுப் பலத்தோடு அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அவர்கள் தொட்ட கண்ணாடியை யாரும் துடைக்க விடாதீர்கள்.

போன பொருளுக்கு யார் பொறுப்பு? ஒரு பவுண் 3 இலட்சத்தைத் தாண்டிய காலத்தில் கொடுத்துவிடு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

எங்களுக்குப் போனது ஊரார் அடகு வைத்த நகையும்தான். காப்புறுதி நிறுவனம் ஒன்று, ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டி, பாதிக்கும் குறைவாகத்தான் தந்தது. மீதியை அப்பா தன் பெயரில் இருந்த காணித்துண்டை விற்றுக் கட்டினார். ஆறு வருடம் ஆனது. கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். காப்புறுதிப் பத்திரத்தை இன்றைக்கே எடுத்து, அடகுப் பொருள் சேர்ந்திருக்கிறதா, இரவில் பெட்டகத்துக்கு வெளியே இருந்தால் என்ன, பகல் கொள்ளைக்கு உச்ச வரம்பு எவ்வளவு என்று வாசியுங்கள். ரிவோல்வர் வாங்க அலைகிற நேரத்தில் பாதி இதற்குப் போதும்.

பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுக்கப் பயமாக இருக்கிறது. சிங்களமும் சரியாக வராது.

தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் சொல்கிறேன் என்று கேளுங்கள். அன்று தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்றால் காத்திருங்கள், அல்லது மொழிபெயர்க்க நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப் போங்கள். உங்களுக்குப் புரியாத எழுத்தின் கீழ் கையெழுத்து வைக்காதீர்கள், முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது மிரட்டினால், சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன்கீழ் பாதுகாப்புக் கேட்கலாம்.

பிறகு அடையாள அணிவகுப்புக்கு அழைப்பார்கள். அது வரைக்கும் பத்திரிகையில், கைபேசியில் வரும் சந்தேகநபரின் படங்களைப் பார்க்காதீர்கள். பார்த்தால் நினைவு குழம்பும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணியும் அதைத்தான் முதலில் கேட்பார். நான் போனபோது வரிசையில் நின்ற ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.